எலக்ட்ரானின் மின்சுமையைத் தூவிவிடாதீர்கள்: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியலும் வேதியியலும் தமிழில் எழுதுகிற, திருத்துகிற, வகுப்பில் நின்று நடத்துகிற ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

அணு அமைப்புப் பாடத்தில் வரும் ஒரு படத்தையும் அதன் கீழே எழுதப்படும் ஒரு வரியையும் பற்றித்தான் இந்த மடல். நடுவில் அணுக்கரு, சுற்றிலும் புள்ளி புள்ளியாக ஒரு மேகம். கீழே, எலக்ட்ரானின் எதிர்மின்சுமை அணுக்கருவைச் சுற்றி மேகம்போலப் பரவியிருக்கிறது என்ற பொருளில் ஒரு வாக்கியம். நோட்ஸ், கைடு, கரும்பலகை, யூடியூப் எல்லா இடத்திலும் இந்த வரி கொஞ்சம் கொஞ்சம் மாறி வந்துகொண்டே இருக்கிறது. பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள்.

யோசிக்கிற பிள்ளைகள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நான் மாலை வேளையில் இயற்பியல் சொல்லித்தருகிறவன். பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "சார், மேகம் முழுக்க மைனஸ்தானே? மைனஸும் மைனஸும் தள்ளும். அப்போ மேகத்தோட இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைத் தள்ளாதா? ஹைட்ரஜன் எப்படி சும்மா இருக்கு?"

இதைவிட நல்ல கேள்வியை அந்தப் பாடத்தில் கேட்க முடியாது. நான் பார்த்த பாடப் புத்தகங்களிலும் கைடுகளிலும் இதற்கு விடை இல்லை. விடை கடினமாக இருந்தால் மேற்படிப்புக்குத் தள்ளிவைக்கலாம், சரி. இது அப்படிப்பட்டதும் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு நிலைமின்னியல் தெரிந்த யாரும் ஒரு தாளில் போட்டுப் பார்த்துவிடலாம். அதைத்தான் முதலில் உங்கள்முன் வைக்கிறேன்.

ஹைட்ரஜனின் அடி ஆற்றல் நிலையில் எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் இடையிலான சராசரித் தூரம், போர் ஆரத்தைப்போல் ஒன்றரை மடங்கு. போர் ஆரம் என்பது நீல்ஸ் போரின் அணு மாதிரியில் எலக்ட்ரான் சுற்றும் மிகச் சிறிய வட்டத்தின் ஆரம், 0.0529 நானோமீட்டர். மேகத்தின் வடிவம் தொகையிடக் கொஞ்சம் சிரமம் என்பதால், அதற்குப் பதிலாக அதே சராசரித் தூரம் கொண்ட, சுமை ஒரே சீராக நிரம்பிய ஒரு கோளத்தை எடுத்துக்கொள்வோம். சீரான கோளத்தில் சராசரித் தூரம் ஆரத்தில் முக்கால் பங்கு. ஆகவே நம் கோளத்தின் ஆரம் போர் ஆரத்தைப்போல் இரு மடங்கு, அதாவது 0.106 நானோமீட்டர். ஓர் எலக்ட்ரான் அளவுள்ள இரண்டு சுமைகள் 1 நானோமீட்டர் தள்ளி நின்றால் அவற்றின் விலக்கு ஆற்றல் 1.44 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு இது). சீரான கோளம் தன்னைத்தானே விலக்கும் ஆற்றலுக்கு இதை ஐந்தில் மூன்றால் பெருக்கி ஆரத்தால் வகுக்க வேண்டும். 1.44-ஐ 0.6-ஆல் பெருக்கி 0.106-ஆல் வகுத்தால் 8.2 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி வருகிறது. உண்மையான அடிநிலை மேகத்தின் (இதை 1எஸ் என்பார்கள்) வடிவத்தை வைத்து முறையாகத் தொகையிட்டால் 8.5. கோளம் என்று எளிமையாக்கியும் விடை எவ்வளவு பக்கத்தில் விழுகிறது, பாருங்கள்.

ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும் என்று அதே பாடத்தில்தான் எழுதியிருக்கிறோம். மேகம் உண்மையிலேயே பரவிக் கிடக்கும் மின்சுமையாக இருந்தால், அந்த 13.6-இல் 8.5-ஐ விலக்கு ஆற்றல் தின்றுவிடும். மிஞ்சுவது 5.1. மேகத்தைக் கொஞ்சம் ஊதிப் பெருக்கவிட்டு, இருப்பதிலேயே குறைந்த ஆற்றலைத் தேடிக்கொள்ளச் சொன்னாலும் பிணைப்பு 6.6-க்கு மேல் போகாது. அப்படி ஓர் அணுவை அயனியாக்க 187 நானோமீட்டர் அலைநீள ஒளி போதும் (அலைநீளம் குறையக் குறைய ஒளியின் ஆற்றல் கூடும்). நம் ஹைட்ரஜனோ 91.2 நானோமீட்டர் கேட்கிறது. ஆய்வகக் குழாயில் இருக்கும் ஹைட்ரஜனும் அதையே கேட்கிறது, விண்மீன்களுக்கு நடுவே மிதக்கும் ஹைட்ரஜனும் அதையே கேட்கிறது.

அணுவுக்குள் எலக்ட்ரானின் நிலையைக் கணக்கிடும் ஷ்ரோடிங்கர் சமன்பாட்டைத் திறந்து பார்த்தால் காரணம் கண்ணில் படும். ஹைட்ரஜனுக்கு எழுதும்போது அதில் எலக்ட்ரானுக்கும் கருவுக்கும் இடையிலான ஈர்ப்பு மட்டும்தான் உண்டு. எலக்ட்ரான் தன்னைத்தானே தள்ளும் உறுப்பு எதுவும் கிடையாது. அது இல்லாததால்தான் 13.6 சரியாக வருகிறது. மாணவியின் கேள்விக்கு நான் சொன்ன விடை இதுதான்: மேகத்தின் இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தைத் தள்ளுவதில்லை, ஏனென்றால் இரு பக்கங்களிலும் பாதிப் பாதிச் சுமை உட்கார்ந்திருக்கவில்லை. அந்தச் சமன்பாட்டின் விடையான அலைச்சார்பில் பரவியிருப்பது எலக்ட்ரான் அகப்படக்கூடிய இடம். சுமை எப்போதும் முழுசாகவே வருகிறது.

இந்தக் குழப்பம் நம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்ததில்லை. ஷ்ரோடிங்கரே இதில்தான் தொடங்கினார். 1926-இல் சூரிக்கில் இருந்தபடி அலை இயக்கவியல் கட்டுரைகளை அடுத்தடுத்து வெளியிட்டபோது, அலைச்சார்பின் வர்க்கத்தை எலக்ட்ரானின் சுமையால் பெருக்கினால் கிடைப்பது வெளியில் பரவியிருக்கும் உண்மையான மின்சுமை அடர்த்தி என்றே அவர் கருதினார். அதற்கு நல்ல காரணமும் வைத்திருந்தார், அதைப் பின்னால் சொல்கிறேன். முதியவரான டச்சு இயற்பியலாளர் லோரன்ஸ் அதே ஆண்டு அவருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு இடங்களில் விரலை வைத்தார். ஒன்று, ஒரே இடத்தில் குவிந்த அலைக்கூட்டமான அலைப்பொதி நாளாக ஆகப் பரந்து கரைந்துபோகும், எலக்ட்ரான் அப்படிக் கரைவதில்லையே? இன்னொன்று, துகள்கள் ஒன்றுக்கு மேல் போனால் அலை வாழ்வது நம் முப்பரிமாண வெளியில் இல்லையே? இரண்டு எலக்ட்ரான்களுக்கு ஆறு பரிமாணம் வேண்டும். ஆறு பரிமாணத்தில் மின்சுமையை எங்கே கொண்டுபோய்ப் பரப்புவது?

அதே 1926-இல் கோட்டிங்கனில் மாக்ஸ் போர்ன் மோதல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓர் எலக்ட்ரான் அணுவின்மேல் மோதினால் அதன் அலை எல்லாத் திசையிலும் சிதறுகிறது. கருவியோ ஏதாவது ஒரு திசையில் ஒரே ஒரு முழு எலக்ட்ரானைப் பார்க்கிறது. எனவே அலை தருவது நிகழ்தகவுதான் என்றார். அலைச்சார்பையே நிகழ்தகவாக எழுதிவிட்டு, அச்சுக்குப் போகும் நேரத்தில் அடிக்குறிப்பில் அதன் வர்க்கம் என்று திருத்தினார். 1954-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது அந்த விளக்கத்துக்காகவும்தான். ஜெர்மனியை விட்டு வெளியேறிய இதே போர்ன், 1935–36 குளிர்காலத்தில் சர் சி. வி. ராமனின் அழைப்பில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் வந்து பணியாற்றினார். பாடநூலில் அவர் பெயரோடு இந்த ஒரு வரியும் சேர்ந்தால் பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வருவார்கள் என்பது என் ஆசை.

முழுச் சுமை என்பதற்குச் சான்று வேண்டுமென்றால் மில்லிகனின் எண்ணெய்த் துளிச் சோதனை பாடத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதை அணு அமைப்போடு இணைத்துக் காட்டுவதில்லை, அவ்வளவுதான். துளியின்மேல் ஏறும் சுமை ஒரே அடிப்படை அளவின் முழு மடங்காகவே வந்தது. அந்த அளவை இன்று 1.602176634 × 10⁻¹⁹ கூலும் என்று நிர்ணயித்து, 2019 மே 20 முதல் ஆம்பியரையே அதிலிருந்து வரையறுக்கிறோம். அடுத்து, 1989-இல் ஹிட்டாச்சி ஆய்வகத்தில் டோனோமுராவும் குழுவினரும் எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பி எடுத்த குறுக்கீட்டுப் படங்கள். திரையில் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளிகள், பிறகு புள்ளிகள் சேரச் சேர வரிகள் எழும்புகின்றன. எந்த எலக்ட்ரானும் வரி முழுவதும் மெல்லியதாகப் பூசிக்கொண்டு வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரே இடத்தில், ஒரே புள்ளியாக, முழுச் சுமையோடு விழுந்தது. அந்தப் படங்களை வகுப்பில் காட்டாமல் இந்தப் பாடத்தை நடத்துவது எனக்குப் பெரிய குறையாகவே தெரிகிறது.

படத்தின் புள்ளிகளுக்கும் இதையே சொல்ல வேண்டும். ஒரே அணுவுக்குள் ஆயிரம் புள்ளிச் சுமைகள் தூவிக் கிடக்கவில்லை. ஒரே மாதிரித் தயாரித்த ஆயிரம் ஹைட்ரஜன் அணுக்களில், அணுவுக்கு ஒரு முறை எலக்ட்ரான் எங்கே என்று பார்த்து, ஆயிரம் விடைகளையும் ஒரே தாளில் குறித்தால் கிடைப்பதுதான் அந்தப் படம். இதைச் சொல்லாமல் படத்தை மட்டும் போட்டால், பார்க்கிற பிள்ளை அதைச் சுமைத்தூள் என்றுதான் புரிந்துகொள்ளும். வேறு எப்படிப் புரிந்துகொள்ளும்?

மேகத்தை விளக்க நம்மில் பலர் மின்விசிறியைக் காட்டுகிறோம். றெக்கை வேகமாகச் சுற்றும்போது வட்டத் தகடு மாதிரித் தெரிகிறது, எலக்ட்ரானும் அப்படித்தான் என்கிறோம். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். றெக்கைக்கு ஒவ்வொரு கணமும் ஓர் இடம் உண்டு, நம் கண்தான் மெதுவானது. எலக்ட்ரானை அப்படி ஓடவிட்டால் ரூதர்ஃபோர்டு மாதிரியின் சிக்கல் அப்படியே திரும்பி வந்துவிடும். வளைந்து ஓடும் சுமை ஒளியை உமிழ்ந்து, 10⁻¹¹ நொடி அளவிலேயே கருவுக்குள் விழுந்துவிட வேண்டும். அந்தச் சிக்கலிலிருந்து தப்பிப்பதற்காகத்தானே குவாண்டம் பாடத்துக்கே வந்தோம்?

சரி, மேகத்தைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. சுமை மேகம் தவறு, எலக்ட்ரான் ஒரு குட்டிக் குண்டு என்று சொல்லி நிறுத்தினால் இன்னொரு பொய்யைக் கொடுத்தவர்களாவோம். ஷ்ரோடிங்கர் வைத்திருந்த நல்ல காரணம் இங்கேதான் வருகிறது. நிலையான ஆற்றல் நிலையில் மேகத்தின் அடர்த்தி காலத்தோடு மாறுவதே இல்லை. மாறாத சுமை ஒளியை உமிழாது. ஆகவே அடிநிலை ஹைட்ரஜன் ஏன் ஒளிராமல் அமைதியாக இருக்கிறது என்பது ஒரே வரியில் விளங்கிவிடுகிறது. 1எஸ் நிலையும் அதற்கு மேலுள்ள 2பி ஆற்றல் நிலையும் கலந்த நிலையை எடுத்துக்கொண்டால் அடர்த்தி கருவின் இரு பக்கமும் மாறி மாறி அலைகிறது. எத்தனை வேகத்தில்? நொடிக்கு 2.47 × 10¹⁵ முறை. இதுவே ஹைட்ரஜன் உமிழும் 121.6 நானோமீட்டர் ஒளியின் அதிர்வெண். போர் மாதிரியில் ஒளியின் அதிர்வெண்ணுக்கும் எலக்ட்ரான் சுற்றும் அதிர்வெண்ணுக்கும் பொருத்தமே இல்லாமல் கிடந்தது. இங்கே இரண்டும் ஒன்றாக வந்து நிற்கின்றன. முதல் தடவை இதைப் பார்க்கிற மாணவர்களின் முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மேகத்தை நம்ப இன்னும் வலுவான காரணம் வேதியியலில் இருக்கிறது. ஒரு மூலக்கூற்றில் அணுக்கருவின்மேல் செயல்படும் விசையைக் கணக்கிட, எலக்ட்ரான் அடர்த்தியைச் சாதாரண மின்சுமை மாதிரியே வைத்துக்கொண்டு கூலும் விதியைப் போட்டால் போதும், விடை சரியாக வரும். இதை 1937-இல் ஹான்ஸ் ஹெல்மனும், 1939-இல் 21 வயது மாணவராக இருந்த ஃபைன்மனும் தனித்தனியாக எழுதினார்கள். (ஹெல்மன், மனைவி யூதர் என்பதால் நாஜி ஜெர்மனியை விட்டு மாஸ்கோ போனவர். அங்கே 1938-இல் ஸ்டாலின் ஆட்சி அவரைக் கொன்றுவிட்டது. ஃபைன்மனின் பெயர் தெரிந்த அளவுக்கு அவர் பெயரும் தெரிய வேண்டும்.) சகப்பிணைப்பில் இரண்டு கருக்களுக்கும் நடுவே எலக்ட்ரான் அடர்த்தி கூடுகிறது, அது இரு கருக்களையும் பிடித்து இழுக்கிறது என்று நாம் நடத்துவது உவமை இல்லை, கணக்குப்படி உண்மை.

அப்படியானால் மேகம் சுமை மாதிரி நடந்துகொள்கிறதா, இல்லையா? யாரோடு என்று கேட்க வேண்டும். மற்றவற்றோடு உறவாடும்போது, அதுவும் சராசரியாகப் பார்க்கும்போது, நடந்துகொள்கிறது. தன்னோடு நடந்துகொள்வதில்லை. ஒரே எலக்ட்ரானைப் பற்றி நாம் கேட்கும் கேள்வியைப் பொறுத்து விடை மாறுகிறது. கனமான அணுக்கரு மெதுவாக நகரும்போது அது உணர்வது மேகத்தின் சராசரி. படிகத்தில் பட்டு ஆற்றல் மாறாமல் சிதறும் எக்ஸ் கதிரும் மேகத்தின் வடிவத்தைத்தான் எழுதிக் காட்டுகிறது. அதே எக்ஸ் கதிர் 1923-இல் காம்ப்டன் காட்டியபடி ஓங்கி மோதி எலக்ட்ரானை உதைத்து வெளியே தள்ளும்போது, எதிரே வருவது ஒரு முழு எலக்ட்ரான். பாதி எலக்ட்ரானை உதைத்ததாக எந்தக் கருவியும் சொன்னதில்லை. எவ்வளவு ஆற்றலோடு மோதிப் பார்த்தாலும், 10⁻¹⁸ மீட்டர் அளவு வரை அதற்குள் ஓர் உள்ளமைப்பும் அகப்படவில்லை.

இதை ஒரே இடத்தில் காட்ட ஹீலியத்தைவிடச் சிறந்த அணு இல்லை. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் 54.4 வீதம், மொத்தப் பிணைப்பு ஆற்றல் 108.8 எலக்ட்ரான் வோல்ட். அளந்து பார்த்தால் 79.0 தான். இடைவெளி, இரண்டும் ஒன்றையொன்று தள்ளுவதால் வருகிறது. இப்போது முதலில் போட்ட மேகக் கணக்கையே எடுத்து, ஒரு மேகம் இன்னொரு மேகத்தைத் தள்ளுகிறது என்று போடுங்கள். 34.0 வருகிறது, மொத்தம் 74.8 ஆகிறது. முதல் முயற்சியிலேயே இவ்வளவு பக்கம் வந்துவிட்டோம். ஹைட்ரஜனில் செய்யவே கூடாத கணக்கு ஹீலியத்தில் அவசியமாகிறது, ஏனென்றால் இங்கே தள்ளுவது இன்னொரு எலக்ட்ரான்.

ஆனாலும் மேகம் கடைசி வரை கூட வருவதில்லை. இரண்டு மேகங்களின் வடிவத்தையும் எவ்வளவு வேண்டுமானாலும் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டாலும் 77.9-இல் நின்றுவிடுகிறது. மீதி 1.1 எலக்ட்ரான் வோல்ட்டை மேகங்களை வைத்து எட்ட முடியாது. அந்த இரண்டு எலக்ட்ரான்களும் ஒன்று இங்கே இருந்தால் மற்றது அங்கே என்று ஒன்றையொன்று தவிர்க்கின்றன. அந்தச் செய்தி ஆறு பரிமாண அலைச்சார்பில் இருக்கிறது, முப்பரிமாண மேகத்தில் இல்லை. லோரன்ஸ் 1926-இல் தொட்ட இடம் இதுதான். இன்று மூலக்கூறுகளைக் கணினியில் கணக்கிடும் அடர்த்திச் சார்பு முறையிலும் எலக்ட்ரான் தன்னைத்தானே தள்ளிக்கொள்ளும் பிழை நுழைந்துவிடுகிறது. அதை நீக்க 1981-இல் பெர்டியூவும் ஸுங்கரும் ஒரு வழி சொன்னார்கள், இன்றும் அதன்மேல் வேலை நடக்கிறது. அந்த மாணவி கேட்ட கேள்விக்கு ஆராய்ச்சிக் கூடங்களில் இன்னும் மவுசு குறையவில்லை.

விவரம் தெரிந்த மாணவர் யாராவது, எலக்ட்ரானின் சுமையில் மூன்றில் ஒரு பங்கைப் பார்த்திருக்கிறார்களே என்று கேட்கலாம். உண்மைதான். 1982-இல் கண்டுபிடித்த பின்னக் குவாண்டம் ஹால் விளைவில் அப்படி ஒன்று இருக்கிறது, 1997-இல் மின்னோட்டத்தின் இரைச்சலை அளந்து அதை உறுதியும் செய்தார்கள். கடுங்குளிரில், வலிமையான காந்தப்புலத்தில், ஏராளமான எலக்ட்ரான்கள் கூடி ஆடும் கூட்டு ஆட்டத்தின் சுமை அது. அந்தப் பொருளிலிருந்து ஓர் எலக்ட்ரானை வெளியே எடுத்தால் அது முழு எலக்ட்ரானாகத்தான் வரும்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. படத்தின் கீழே உள்ள வரியை இப்படி மாற்றலாம்: "ஒரே நிலையிலுள்ள பல அணுக்களில் எலக்ட்ரான் அகப்பட்ட இடங்கள். ஒவ்வொரு புள்ளியிலும் அகப்பட்டது ஒரு முழு எலக்ட்ரான், அதன் முழு மின்சுமையோடு." அதன் பக்கத்தில் ஹைட்ரஜனின் 8.5-க்கும் 13.6-க்கும் ஒரு கட்டம் போட இடம் இருக்கும். எலக்ட்ரான் அடர்த்தி என்ற சொல்லைப் பிணைப்புப் பாடத்தில் முதன்முதலாகக் கொண்டுவரும்போது, இது மற்ற கருக்கள்மேல் சராசரியாகச் செயல்படும் சுமை என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். ஹீலியத்தைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ஷ்ரோடிங்கர் தவறாக எண்ணினார், போர்ன் திருத்தினார் என்று இரண்டு வரியில் முடிக்காமல், ஷ்ரோடிங்கர் ஏன் அப்படி எண்ணினார் என்பதற்கும் அரைப் பக்கம் கொடுங்கள். பாடத்திலேயே சுவையான பகுதி அதுதான், நாம் அதைத்தான் வெட்டிவிடுகிறோம்.

பாடம் பெரிதாகிவிடும், பிள்ளைகளுக்குச் சுமை கூடும் என்று சிலர் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நான்கு குவாண்டம் எண்களையும் ஆர்பிட்டால்களின் வடிவங்களையும் காரணம் தெரியாமல் உருப்போட வைக்கிறோமே, அதைவிடவா இது சுமை? தமிழ்வழியில் படிக்கிற பிள்ளைக்குக் கல்லூரியில் போய் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்தால்தான் இந்த விளக்கம் கிடைக்கும் என்ற நிலையை நாம் ஏன் வைத்திருக்க வேண்டும்?

தேர்விலும் ஒரு கேள்வி வையுங்கள்: "ஹைட்ரஜன் அணுவின் எலக்ட்ரான் மேகம் தன்னைத்தானே விலக்காததற்கு அயனியாக்கும் ஆற்றல் எவ்வாறு சான்றாகிறது?" மூன்று மதிப்பெண் போதும். கேள்வித்தாளில் வந்துவிட்டால் கைடு போடுகிறவர்களும் வேறு வழியில்லாமல் எழுதிவிடுவார்கள்.

மேலே சொன்ன கோளக் கணக்கை, தொகையீட்டோடும் இல்லாமலும், இரண்டு விதமாகவும் ஒரு வகுப்பு நேரத்தில் முடியும்படி எழுதி வைத்திருக்கிறேன். உங்களில் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்புகிறேன். அதில் பிழை கண்டால் தயங்காமல் எழுதுங்கள். வரும் பதிப்பில் சேர்ப்பதாக இருந்தால் என் பெயர் எதற்கும் வேண்டியதில்லை.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்